ஜூலையில் மொரீஷியஸ்: காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஜூலை இரண்டாம் வாரத்தில் எட்டு நாள் மொரீஷியஸ் போகிறீர்கள். நீங்கள், மனைவி, 62 வயது அம்மா, 11 வயது மகன். பயண முகவர் தந்த திட்டத்தில் வடக்குச் சுற்று ஒரு நாள், தெற்குச் சுற்று ஒரு நாள், படகில் ஒரு குட்டித் தீவுக்கு ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் ‘ஓய்வு’ என்று போட்டிருக்கிறது. மணலில் படுத்துக் கிடப்பதைத் தவிர அங்கே வேறு என்ன உண்டு, அம்மாவால் எவ்வளவு நடக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ‘ஓய்வு’ நாட்கள்தான் உங்கள் பயணம். மற்ற மூன்று நாளில் பாதி நேரம் பஸ்ஸிலும் நினைவுப்பொருள் கடையிலும் கழிந்துவிடும். கத்ர் போர்ன் என்ற மேட்டுநில ஊரில் ஆறு வருடம் குடியிருந்தேன். ஒரு துணி ஆலையில் கணக்கு வேலை; ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை அல்லது கடல். ஊரிலிருந்து வந்த உறவினர்களை எத்தனையோ முறை சுற்றிக் காட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் காற்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூலை அங்கே குளிர்காலம். புயல் பயம் கிடையாது, அது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் தென்கிழக்கிலிருந்து வணிகக்காற்று விடாமல் அடிக்கும். முகவர்கள் காட்டும் கிழக்குக் கரைப் படங்களெல்லாம் நவம்பரில் எடுத்தவை. என் சித்தப்பா குடும்பம் முதல் முறை வந்தபோது இது தெரியாமல் கிழக்குக் கரையில் அறை எடுத்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் சித்தி மணலில் நாற்காலி போட்டு, சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தேநீர்க் கோப்பையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூடாவிட்டால் மணல் விழுகிறதாம். கையை எடுப்பது, ஒரு வாய் குடிப்பது, மறுபடி மூடுவது. நான்கு நாளும் அப்படியே போயிற்று. அதே நேரத்தில் மேற்குக் கரையில், நடுவிலுள்ள மலைகள் காற்றைத் தடுத்துவிட, கடல் குளம்போல் கிடந்தது.

அதனால் முதல் ஐந்து இரவு மேற்கில் தங்குங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமாரின், பிளாக் ரிவர் மூன்றில் எதுவானாலும் சரி. கடைசி இரண்டு இரவு தென்கிழக்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாயேபூர் அல்லது ப்ளூ பே. தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. எங்கிருந்தும் எங்கும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஒரே ஹோட்டலில் எட்டு நாளும் இருந்தால் பெட்டி மாற்றும் வேலை மிச்சம்தான், ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் போகும்.

மலைக்கு வருவோம். இந்தத் தீவே ஒரு பழைய எரிமலை. சுமார் எண்பது லட்சம் வருடத்துக்கு முன் கடலடியிலிருந்து எழுந்தது. அதன் விளிம்பு தேய்ந்து உடைந்து மிஞ்சியதுதான் இன்றைய மலைகள். உயரம் அதிகமில்லை. மிக உயர்ந்த பிளாக் ரிவர் சிகரமே 828 மீட்டர்தான். நம் ஏற்காட்டையே எட்டாது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து நெட்டுக்குத்தாக நிற்பதால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். கரும்புத் தோட்டம், அதற்குப் பின்னால் கோரைப்பல்போல ஒரு மலை, அதன் தலையில் மேகம். எந்தச் சாலையில் போனாலும் இதுதான் காட்சி. ஜூலையில் கரும்பு வெட்டு நடக்கும். வெட்டாத வயலோரம் காரில் போனால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்தான். வயல் நடுவே கருங்கல்லைக் கோபுரம்போல் குவித்து வைத்திருப்பார்கள். கோயிலா சமாதியா என்று உங்கள் மகன் கேட்பான். இரண்டும் இல்லை. பயிர் செய்ய நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிப் போட்ட எரிமலைக் கற்கள்.

பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1994இல் அறிவித்தது, சுமார் 65 சதுர கிலோமீட்டர். முகவரின் தெற்குச் சுற்று இங்கே ஒரு காட்சிமுனையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடும். நீங்கள் பெத்ரான் நுழைவிடத்தில் இறங்கி மகாபே காட்சிமுனை வரை நடங்கள். அகலமான வண்டிப்பாதை, பெரிய ஏற்றம் இல்லை, போய்வர நிதானமாக மூன்று மணி நேரம். தினமும் நடைப்பயிற்சி போகிறவர் என்றால் அம்மா தாராளமாக வருவார். பாதி வழியில் திரும்பினாலும் நட்டமில்லை. பாதையோரம் சின்னச் சின்னச் சிவப்புப் பழத்தோடு ஒரு கொய்யா புதர்புதராக மண்டிக் கிடக்கும். சீனக் கொய்யா என்பார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன அத்தனை ருசி. பருவத்தின் கடைசிப் பழங்கள் உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். பறித்துத் தின்பது குற்ற உணர்வு தேவைப்படாத காரியம், ஏனென்றால் அந்தக் காட்டின் பெரும் பகையே அதுதான். வெளியிலிருந்து வந்து, சொந்த மரங்களை முளைக்க விடாமல் மூடிவிட்டது. நல்ல நிலையிலுள்ள பழைய காடு தீவில் 2 சதவீதம்கூட இல்லை.

பறவைகள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஹோட்டல் மேசையில் ரொட்டித் துணுக்கைக் கொத்த வருவது மைனா. மரத்தில் கத்துவது நம் ஊர்க் கொண்டைக்குருவி, செம்மீசைச் சின்னான். நகரத்துக்கு மேலே கூட்டமாகப் பறப்பது நம் பச்சைக்கிளி. எல்லாமே மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. “இதைப் பார்க்கவா விமானம் ஏறினோம்” என்று அம்மா கேட்டால் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே பறப்பதும் கிளிபோலத்தான் இருக்கும், ஆனால் அது எக்கோ கிளி. உலகில் வேறெங்கும் கிடையாது. 1980களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்து என்ற அளவுக்கு இறங்கியது. மொரீஷியஸ் வல்லூறு கதை இன்னும் மோசம். காடு போனது, குரங்கும் பூனையும் வந்தன, மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடியால் முட்டை பொரிக்கவில்லை. 1974இல் காட்டில் எண்ணிப் பார்த்தால் நான்கே நான்கு. கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளரும் அவரோடு உழைத்தவர்களும் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். முதல் ஈடு முட்டை போனால் தாய்ப்பறவை மறுபடி இடும் என்பதே அதிலுள்ள நுட்பம். இன்று அந்த இனம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. டோடோ பறவையை இழந்த நாடு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நான்கை நூறாக்கிய நாடு என்றும் எழுதலாம்.

அந்த வல்லூறின் விருப்ப உணவு பச்சைப் பல்லி. உங்கள் அறைச் சுவரிலேயே அதைப் பார்ப்பீர்கள். கிளிப்பச்சை உடம்பு, முதுகில் குங்குமம் வைத்ததுபோல் சிவப்புப் புள்ளிகள், பட்டப்பகலில் திரியும். சகுனம் எதுவும் சொல்வதில்லை.

உங்களுக்கும் மகனுக்கும் ஒரு சிகரம் வேண்டுமென்றால் பிளாக் ரிவர் சிகரத்தைவிட லெ பூஸ் மலையைச் சொல்வேன். 812 மீட்டர். பெயருக்குக் கட்டைவிரல் என்று பொருள். போர்ட் லூயிஸ் நகரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் மடங்கி நிற்கும். சேன் பியேர் பக்கத்திலிருந்து கிளம்பினால் கரும்பு வயல், சிறு காடு, பிறகு வெட்டவெளி மேடு. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கையூன்றி ஏற வேண்டும். உச்சியில் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் பீட்டர் போத் மலையின் தலையில் விழுந்துவிடுவதுபோல் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பாறை. 1836 மே மாதம் சார்லஸ் டார்வின் இந்த மலையில் ஏறினார். தீவைச் சுற்றியுள்ள பவளப் பார்களையும் பார்த்து ஆராய்ந்தார். அந்த வருகையில் யானைச் சவாரியும் போனார், அப்போது தீவிலேயே இருந்த ஒரே யானை அது. மகனிடம் சொல்லுங்கள், ஏற்றம் கொஞ்சம் குறையும்.

இனி லே மோர்ன். எட்டு நாளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிய நிலத்தில் தனியாக நிற்கும் 556 மீட்டர்ப் பாறை. மூன்று பக்கமும் செங்குத்து. கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் பொந்துகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து உச்சியிலிருந்தவர்கள் குதித்துவிட்டார்கள் என்பது அங்கே வாய்வழியாக வரும் கதை. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அடிவாரத்தில் சொகுசு ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் நீச்சல் குளத்திலிருந்து இந்தப் பாறையைப் படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

காலையில் வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் ஜீப் போகும் அளவுக்கு அகலமான மண்பாதை. அதன் முடிவில் வரும் மேட்டில் அம்மாவும் மனைவியும் நின்றுகொள்ளலாம். பாதிக் காட்சி அங்கேயே கிடைத்துவிடும்: கீழே காயல், பச்சைக்குள் நீலம், வெள்ளைக் கோடாகப் பவளப் பார், அதற்கு வெளியே மை நீலம். அதற்கு மேல் பாதை சுருங்கி, பாறையில் கைவைத்து ஏறும்படி ஆகிவிடும். வழக்கமாக மரத்திலும் சுவரிலும் ஏறுகிற பையன் என்றால் உடன் ஒரு வழிகாட்டியோடு அனுப்பலாம். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவனை வற்புறுத்த வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் அங்கே கால் நடுங்கும். பாதை ஒரு இரும்புச் சிலுவையோடு முடிகிறது. உண்மையான உச்சி அதற்கும் மேலே, அங்கே யாரும் போவதில்லை. மழை பெய்த மறுநாள் ஏறவே ஏறாதீர்கள். அந்தக் கருங்கல் ஈரமானால் சோப்புதான்.

ஏறும்போது ஒரு புதரைத் தேடச் சொல்லுங்கள். ஜிமிக்கிபோல் தலைகீழாகத் தொங்கும் சிவப்புப் பூ, குளிர்காலத்தில் பூக்கும். உள்ளூர்ப் பெயரும் ‘பூக்ல் தொரேய்’, அதாவது காதணி. அந்த நாட்டின் தேசிய மலர். இயற்கையாக இந்த மலையில் மட்டும்தான் வளர்கிறது. இதழை விலக்கிப் பார்த்தால் அடியில் ஒரு சொட்டுத் தேன், அதுவும் சிவப்பு. தேன் நிறமில்லாமல் இருப்பதுதானே வழக்கம். இங்கே நிறம் பார்த்து வருவது பல்லி. மேலே சொன்ன பச்சைப் பல்லிகள்தான் தேன் குடித்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. பூவைப் பறிக்காமல் பாருங்கள், மொத்தச் செடிகளே கொஞ்சம்தான்.

லே மோர்னுக்கு எதிரே ‘கடலுக்கடியில் அருவி’ என்று ஒரு படம் இணையமெங்கும் சுற்றுகிறது. அருவி எதுவும் இல்லை. பவளப் பாரில் உள்ள வாயில் வழியாக மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிந்திருப்பது, மேலிருந்து பார்க்கும்போது அருவிபோல் தோன்றுகிறது. ஹெலிகாப்டர் ஏறினால்தான் சரியாகத் தெரியும். நால்வருக்கு டிக்கெட் எடுத்தால் வரும் பணத்தில் உங்கள் சாப்பாட்டுச் செலவு முழுவதும் முடிந்துவிடும். நான் கடைசி வரை ஏறவில்லை, வருத்தமும் இல்லை.

ஷமரேல் ஏழு வண்ண மண்ணை எல்லோரும் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் பெரிதாக நினைத்துப் போகாதீர்கள். வேலி போட்ட சிறு மேடு, அரை மணி நேரம் போதும். எரிமலைப் பாறை உளுத்துக் களிமண்ணாகி, அதிலுள்ள இரும்பு சிவப்பும் பழுப்புமாகவும், அலுமினியம் நீலமும் ஊதாவுமாகவும் நிறம் காட்டுகிறது. காலை வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும். மத்தியானம் போனால் செம்மண் மேடுதான். அதே வளாகத்தில் உள்ள அருவி அதைவிட மேல். பக்கத்திலேயே எபனி ஃபாரஸ்ட் என்ற காப்புக்காடு இருக்கிறது. அயல் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். நேரமிருந்தால் அங்கே ஒரு மணி நேரம் நடங்கள். வழியில் கங்கா தலாவ் என்ற எரிமலைவாய் ஏரியும் 33 மீட்டர் சிவன் சிலையும் வரும். அம்மாவுக்காக நிறுத்துங்கள், ஸ்வெட்டரோடு. ஜூலையில் அங்கே சாரலும் குளிரும் நிச்சயம்.

தமாரின் அருவி, ஏழு அருவி என்றெல்லாம் சொல்லப்படும் பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கும் சாகசம் பிரபலம். அழகான இடம்தான். ஆனால் தண்ணீர் ஜூலையில் பல் கிட்டும் குளிர், பாசிப் பாறை. இந்தப் பயணத்தில் ஹென்ரியட்டா ஊர்ப் பக்கம் மேலிருந்து பார்த்துவிட்டு வந்தால் போதும்.

கடல் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். தீவைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுக்கப் பவளப் பார் வேலி கட்டியிருக்கிறது. அதனால்தான் காயல் ஆழமில்லாமல், அலையில்லாமல் இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்கூட மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முகமூடியோடு மீன் பார்க்கலாம். பாரில் உள்ள வாயில்களுக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது, அங்கே நீரோட்டம் ஆளை வெளியே இழுத்துவிடும். ஜூலையில் கடல் நீர் 22, 23 டிகிரி. நம் மெரினாவை நினைத்துக் குதித்தால் மூச்சு நிற்கும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

தமாரின் விரிகுடாவில் விடியற்காலை டால்ஃபின் பார்க்கும் பயணத்தை முகவர் கட்டாயம் விற்பார். சொந்த அனுபவம் ஒன்று. மனைவியின் தம்பி வந்திருந்தபோது நாங்களும் போனோம். இருபது படகு இருக்கும். டால்ஃபின் கூட்டம் ஒரு பக்கம் தலைகாட்டினால் அத்தனை படகும் பொறியை முடுக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் மறிக்கும். படகோட்டி “குதி, குதி” என்று கத்துவார், ஆட்கள் தொப்தொப்பென்று விழுவார்கள், கூட்டம் மூழ்கிவிடும். மறுபடி துரத்தல். அந்தச் சுழல் டால்ஃபின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டு, தூங்குவதற்காகத்தான் காலையில் விரிகுடாவுக்கு வருகின்றன. தூங்குகிற வீட்டில் மேளம் அடித்ததுபோல் இருந்தது. போவதானால் சிறிய படகாக, தூரத்தில் நிறுத்திப் பார்க்கச் சம்மதிப்பவராகத் தேடுங்கள். தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஜூலை முதல் கூனல் திமிங்கிலங்களும் அந்த வழியாகப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் லே மோர்ன் மேட்டிலிருந்தே நீர்ப்பீய்ச்சல் தெரியும், காசில்லாமல்.

கடைசி இரண்டு நாள் தென்கிழக்கில். ப்ளூ பே கடல் பூங்காவில் அடியில் கண்ணாடி வைத்த படகில் போனால் அம்மா நனையாமல் பவளம் பார்க்கலாம். மூளைபோல் மடிப்பு மடிப்பாக, ஒரு சிறிய அறை அளவுக்கு வளர்ந்த பவளம் ஒன்று உண்டு, அதன் மேல் படகை நிறுத்தச் சொல்லுங்கள். மீனுக்கு ரொட்டி போடும் படகோட்டியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள், கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பக்கத்திலேயே இல் ஓ ஸெக்ரெத். முகவர் திட்டத்தில் இருப்பது இல் ஓ ஸேர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸேர் என்பது மணலும் மதிய உணவும் பாராசூட் சவாரியும் உள்ள தீவு. பத்து மணிக்கு மேல் திருவிழாக் கூட்டம். ஸெக்ரெத் வெறும் 26 ஹெக்டேர், கரையிலிருந்து 800 மீட்டர். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, ஒன்றரை இரண்டு மணி நேர நடை. மொரீஷியஸ் கரையோரக் காடு மனிதன் வருவதற்கு முன் எப்படி இருந்ததோ, அப்படி மீட்டெடுக்கிறார்கள். ஒல்லாந்தர்கள் வெட்டி முடித்த கருங்காலி மரங்களின் மிச்சம் அங்கே நிற்கிறது. நம் ஊர்க் கருங்காலியின் பங்காளிதான். கையளவு தடிமன் உள்ள மரத்தைக் காட்டி இதற்கு நூறு வயது இருக்கும் என்பார்கள், அவ்வளவு மெதுவாக வளரும். அதன் பழத்தைத் தின்று விதை பரப்பிய ராட்சத ஆமைகள் இந்தத் தீவில் அழிந்துபோனதால், அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து அந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பாதை நடுவில் ஒரு ஆமை படுத்திருந்தால் நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். முதல் முறை போனபோது ஒன்று கழுத்தை முழங்கால் உயரத்துக்கு நீட்டி என் சட்டைப் பையை முகர்ந்தது. மூச்சில் பச்சை இலை வாசம்.

அந்தக் கடற்கரையில்தான் 2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளப் பாரில் ஏறி நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் விரிசல் விட்டு சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. ஊர் மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவைகள் செய்து காயலில் இறக்கினார்கள். மாயேபூர்க் கரையில் மீன்பிடிப் படகுக்காரர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்த வாரத்தை நாள்வாரியாகச் சொல்வார்.

மகனுக்குத் துடுப்புப் போட ஆசை என்றால் வடகிழக்கில் இல் தாம்ப்ர் தீவைச் சுற்றியுள்ள அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் போகலாம். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு வேரும் சேறும் பழகியவைதான், தண்ணீர் மட்டும் கண்ணாடிபோல் இருக்கும். அதே நாள் திரும்பும் வழியில் பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டம். பலகை அளவு இலைகளோடு ராட்சத அல்லி இருக்கும் குளத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் உங்களைத் தாளிப்பனை வரிசைக்குப் போகச் சொல்வேன். நம் முன்னோர் சீதாளம் என்று சொல்லி அதன் ஓலையில் சுவடி எழுதினார்கள். வாழ்நாளில் ஒரே முறை பூக்கும், பூத்ததும் பட்டுப்போகும். அதைப் பார்க்க நம் ஊரில் இப்போது நிறைய அலைய வேண்டும்.

தெற்கே சுய்யாக் ஊரில் கிரி கிரி என்ற இடம். தீவின் பவள வேலி இங்கே இல்லை. அதனால் இந்தியப் பெருங்கடல் நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. குளிக்கவே கூடாது, நின்று பார்க்க மட்டும். புல்வெளியில் உட்கார்ந்து அம்மா ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார், என் அம்மா அப்படித்தான் இருந்தார்.

நடைமுறை விஷயங்கள் சில. ஜூலையில் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் விடியும், ஆறு மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே மலையை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கார் வாடகைக்கு எடுத்தால் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டுவதுதான். ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர்க் கடல் செருப்பு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு காயலில் நடக்கவே வேண்டாம். கல்லைப்போலவே கிடக்கும் கல்மீன் முதுகு முள்ளில் கடும் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடல் முள்ளெலியும் நிறைய. மலைக்கு மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, நல்ல பிடிமானமுள்ள காலணி. ‘வசதியான செருப்பு போதும்’ என்று எந்தத் திட்டத்தில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ரோட்ரிக்ஸ் தீவைச் சேர்க்கலாமா என்று யாராவது சொல்வார்கள். கிழக்கே 560 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம், தீவைவிடப் பெரிய காயல், கரையோர நடைபாதைகள், கூட்டமே இல்லை. எனக்கு மொரீஷியஸைவிடப் பிடித்த இடம். ஆனால் எட்டு நாளில் வேண்டாம். அதற்கே தனியாக ஐந்து நாள் வேண்டும்.

மலைக்குக் கட்டுச்சோறு பற்றிக் கவலை இல்லை. தெருவோர வண்டியில் தோல் பூரி (உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) சுடச்சுட வாங்கிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தால் மத்தியானம் வரை தாங்கும். ‘காத்தோ பிமா’ என்று கேட்டு வாங்குங்கள். வந்து விழுவது நம் மசால்வடையேதான், கொஞ்சம் சின்னது. பணம் கொடுக்கும்போது ரூபாய் நோட்டை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், தமிழ் எழுத்து இருக்கும். கடைசி நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் விமானத்துக்கு முன் மாயேபூர் வாரச் சந்தைக்குப் போங்கள். காய்கறி வரிசையில் கீரைக்கட்டுகள் அடுக்கியிருக்கும். முருங்கைக்கீரையைக் காட்டி என்ன பெயர் என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். “பிரெத் மூரூம்” என்பார் கடைக்காரப் பெண். அம்மா அந்தக் கட்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.